விழுப்புரம் மாவட்ட ஊராய்வுகளும் திறந்த அணுக்கமும்: ஒரு மதிப்பீடு

வறுமை, வேளாண்மை, கூலி, கடன், கல்வி, நலவாழ்வு ஆகியவற்றைப் பற்றி வளரும் நாடுகளில் நடத்தப்படும் ஆய்வுகள் பொதுவாக வளர்ச்சி ஆய்வுகள் எனப்படுகின்றன. இவற்றுக்கான செலவில் பெரும்பகுதி பொதுப்பணம். ஏதோ ஒரு நாட்டின் வரிப்பணமோ பன்னாட்டு நிறுவனங்களின் நிதியோ அதில் இருக்கும். ஆய்வு முடிவுகளை யாரும் கட்டணமின்றி இணையத்தில் படிக்கவும் பயன்படுத்தவும் விடுவது திறந்த அணுக்கம் எனப்படும். விழுப்புரம் மாவட்டம் நூறாண்டுக்கும் மேலாக இத்தகைய ஆய்வுகளுக்குக் களமாக இருந்து வருகிறது. அந்த ஆய்வுகளில் எவை இன்று கட்டணமின்றிக் கிடைக்கின்றன, எவை கிடைக்கவில்லை, கிடைப்பவையும் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் உள்ள வாசகரின் கைக்கு உண்மையில் வருகின்றனவா என்பவற்றை இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

இருவேல்பட்டு: நூறாண்டு ஆய்வு

விழுப்புரம் மாவட்டத்தில் திருவெண்ணெய்நல்லூர் வட்டாரத்தைச் சேர்ந்த ஊர் இருவேல்பட்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இந்தியப் பொருளியல் பேராசிரியராக 1915இல் வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், தம் மாணவர்களை ஊர்களுக்கு அனுப்பி நிலம், பாசனம், கூலி, கடன், உணவு ஆகியவற்றைப் பற்றிய விவரங்களைத் திரட்டச் செய்தார். 1916இல் நடந்த இந்தக் கணக்கெடுப்பு 1918இல் 'சில தென்னிந்தியக் கிராமங்கள்' என்னும் பொருள்படும் ஆங்கில நூலாக வெளிவந்தது. இருவேல்பட்டு, தூசி, கங்கைகொண்டான், வடமலாபுரம், பாலக்குறிச்சி முதலியவை இதனால் 'ஸ்லேட்டர் கிராமங்கள்' என்று ஆய்வுலகில் பெயர் பெற்றன.

ஊரை ஒருமுறை பார்த்து எழுதியதோடு இந்த ஆய்வு நிற்கவில்லை. 1936–37இல் பி. ஜே. தாமஸ், கே. சி. இராமகிருஷ்ணன் ஆகியோர் தலைமையில் மறு கணக்கெடுப்பு நடந்தது. அது 1940இல் சென்னைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. 1980களின் தொடக்கத்தில் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த எஸ். குகனும் அமெரிக்க மானிடவியலாளர் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டை மீண்டும் ஆராய்ந்தனர். ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகிய மூவரும் 2008 வரையிலான மாற்றங்களை ஆராய்ந்து 2010இல் கட்டுரை வெளியிட்டனர். பெருநிலக்கிழாரின் பிடி தளர்ந்தது, தலித் மக்களின் அரசியல் எழுச்சி, வேளாண்மைக்கு வெளியே வேலை தேடும் போக்கு ஆகியவற்றை நிலவுடைமைக் கணக்கோடு சேர்த்து அக்கட்டுரை விளக்குகிறது.

ஒரே ஊரை இத்தனை முறை திரும்பத் திரும்ப அளந்த ஆய்வுகள் உலக அளவிலேயே குறைவு. தன் ஊரின் மூன்று நான்கு தலைமுறை வரலாறு எண்ணிக்கையோடு எழுதி வைக்கப்பட்டிருக்கும் பேறு எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயலுக்குப் பின் தென்பெண்ணையில் வந்த வெள்ளம் இருவேல்பட்டையும் பாதித்தது. ஏரி எங்கே இருந்தது, வாய்க்கால் எந்தத் திசையில் ஓடியது, எந்த நிலம் எப்போது கைமாறியது என்பவற்றை அறியப் பழைய ஆய்வுகள் பயன்படும் என்பதை இத்தகைய வேளைகள் நினைவூட்டுகின்றன.

இந்த ஆய்வுகள் கிடைக்கும் விதம் சீராக இல்லை. 1918ஆம் ஆண்டு நூலை இணைய ஆவணகத்தில் யாரும் இலவசமாகப் படிக்கலாம். குகன் – மென்ச்சர் கட்டுரையும் 2010ஆம் ஆண்டுக் கட்டுரையும் மும்பையிலிருந்து வெளிவரும் 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி' இதழில் வந்தவை. அவ்விதழின் பழைய தொகுப்பு சந்தாதாரர்களுக்கு உரியது. ஆகவே இருவேல்பட்டில் பிறந்து விழுப்புரத்தில் பட்டப்படிப்புப் படிக்கும் ஒரு மாணவி தன் கொள்ளுப்பாட்டன் காலத்து ஊரைப் பணம் கொடுக்காமல் படிக்கலாம். தன் தாய், தந்தை காலத்து ஊரைப் படிக்கச் சந்தா வேண்டும். மற்றோர் ஸ்லேட்டர் கிராமமான கங்கைகொண்டானின் நிலை வேறு. அவ்வூரைப் பற்றி ஹாரிஸ் முதலியோர் எழுதிய கட்டுரை, வேளாண் ஆய்வு அறக்கட்டளை நடத்தும் திறந்த அணுக்க இதழில் வந்ததால் எவருக்கும் கிடைக்கிறது. எழுதியவர்களும் ஆய்வு முறையும் ஒன்றாக இருந்தும், எந்த இதழில் வெளியிடப்பட்டது என்பதே இங்கு வாசகரின் உரிமையைத் தீர்மானித்திருக்கிறது.

சூளையும் கடனும்: பிரெஞ்சு ஆய்வுகள்

1955இல் தொடங்கப்பட்ட புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், விழுப்புரம் – கடலூர் பகுதியின் உழைப்பாளர் வாழ்வைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆய்வுகள் நடத்தி வருகிறது. இசபெல் கெரான், ஜி. வெங்கடசுப்பிரமணியன் முதலிய ஆய்வாளர்கள் செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போகும் தொழிலாளர்களைப் பற்றி எழுதியுள்ளனர். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்குவது, பருவம் முழுவதும் உழைத்து அதைக் கழிப்பது, கழியாத மீதிக்காக மறு ஆண்டும் அதே சூளைக்குப் போவது என்னும் சுழலை இவ்வாய்வுகள் விளக்குகின்றன. 2010இல் கடலூர் – விழுப்புரம் எல்லைப் பகுதியில் 10 ஊர்களில் 405 குடும்பங்களிடம் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு, 2016–17இல் 492 குடும்பங்களிடம் தொடரப்பட்டது. 2020–21இலும் ஒரு சுற்று நடந்தது.

2016 நவம்பரில் பணமதிப்பு நீக்கம் அறிவிக்கப்பட்டபோது இரண்டாம் சுற்று நடந்துகொண்டிருந்தது. குடும்பங்களில் ஒரு பகுதியினரை அறிவிப்புக்கு முன்பும் மறு பகுதியினரைப் பின்பும் சந்திக்க நேர்ந்ததால், அந்த நடவடிக்கை சிற்றூர்களை எப்படித் தாக்கியது என்பதை ஒப்பிட முடிந்தது. உறவும் பழக்கமும் உள்ளவர்கள் கைமாற்றால் சமாளித்தார்கள், அவை இல்லாதவர்கள் அதிகம் துன்பப்பட்டார்கள் என்ற சித்திரம் கிடைத்தது.

இவ்வாய்வுகளில் பல கட்டணமின்றிக் கிடைப்பதற்கு ஒரு சட்டக் காரணம் உண்டு. பிரான்சில் 2016 அக்டோபரில் வந்த எண்மக் குடியரசுச் சட்டம், ஆய்வுச் செலவில் பாதியேனும் பொதுப்பணமாக இருந்தால், பதிப்பகத்தோடு என்ன ஒப்பந்தம் இருந்தாலும் ஆசிரியர் தம் இறுதிக் கையெழுத்துப் படியைத் திறந்த களஞ்சியத்தில் வைக்கலாம் என்கிறது. அறிவியல் துறைகளுக்கு 6 மாதமும், சமூக அறிவியல், மானுடவியல் துறைகளுக்கு 12 மாதமும் காத்திருந்தால் போதும். 'ஹால்' என்னும் பிரெஞ்சு தேசியக் களஞ்சியத்தில் இத்தகைய படிகள் உள்ளன.

இந்தியாவில் ஆசிரியருக்கு இதற்கு நிகரான சட்ட உரிமை இல்லை. இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் 2013இலும், உயிரித் தொழில்நுட்பத் துறையும் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் சேர்ந்து 2014இலும் திறந்த அணுக்கக் கொள்கைகளை அறிவித்தன. அவை துறைகளின் அறிவுறுத்தல்களே. பதிப்பக ஒப்பந்தத்தை மீறி நிற்கும் வலு அவற்றுக்கு இல்லை. விழுப்புரத்துச் சூளைத் தொழிலாளியைப் பற்றிய கட்டுரையைப் படிக்கும் உரிமை, இதன் விளைவாக, பாரிசில் இயற்றப்பட்ட ஒரு சட்டத்தால் கிடைக்கிறது.

இந்த உரிமையின் பயன் ஏட்டளவில் நிற்பதன்று. கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டம் 1976 முதல் நடைமுறையில் உள்ளது. முன்பணம் எந்த இடத்தில் கொத்தடிமையாக மாறுகிறது என்பதை நிறுவுவது ஒவ்வொரு வழக்கிலும் கடினம். கோட்டாட்சியர், தொழிற்சங்கத்தார், இலவசச் சட்ட உதவி வழக்கறிஞர் ஆகியோருக்கு இந்த ஆய்வுகள் நேரடியாக உதவக்கூடியவை. இவர்களில் எவருக்கும் பல்கலைக்கழக நூலகச் சந்தா கிடையாது.

பன்னாட்டு நிறுவனங்களின் கொள்கைகள்

திறந்த அணுக்கம் என்ற சொல்லுக்கு 2002 பிப்ரவரியில் வெளிவந்த புடாபெஸ்ட் அறிக்கை தெளிவான பொருள் தந்தது. படிப்பது, தரவிறக்குவது ஆகியவற்றோடு பகிர்வது, தேடுவது, பிற சட்டப்படியான வழிகளில் பயன்படுத்துவது ஆகியவையும் தடையின்றி இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். வளர்ச்சி நிதி வழங்கும் நிறுவனங்கள் பத்தாண்டுக்குப் பின்னரே இதை ஏற்றன. உலக வங்கி 2010இல் தன் தரவுகளைத் திறந்தது. 2012இல் திறந்த அறிவுக் களஞ்சியத்தைத் தொடங்கி, தன் நூல்களைப் படைப்பாக்கப் பொது உரிமத்தில் வெளியிட்டது. பிரிட்டனின் பன்னாட்டு வளர்ச்சித் துறை 2012 நவம்பரிலும், கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆய்வு மையம் 2015 ஜூலையிலும் தாங்கள் நிதி தரும் ஆய்வுகள் திறந்திருக்க வேண்டும் எனக் கட்டாயமாக்கின. பன்னாட்டு வேளாண் ஆய்வு மையங்களின் கூட்டமைப்பு 2013இல் இக்கொள்கையை ஏற்றது.

இந்த மாற்றங்கள் பாராட்டத்தக்கவை. ஆனால் இவற்றின் நடைமுறையில் மூன்று குறைகள் தெரிகின்றன.

முதலாவது, செலவு வாசகரிடமிருந்து ஆசிரியருக்கு மாற்றப்பட்டது. பல வணிக இதழ்களில் ஒரு கட்டுரையைத் திறந்து வைக்க ஆசிரியர் சில ஆயிரம் டாலர் கட்ட வேண்டியுள்ளது. லண்டனில் உள்ள ஆய்வாளருக்கு நிதி நிறுவனம் கட்டும். திண்டிவனம் அரசுக் கல்லூரி ஆசிரியருக்கு அது பல மாதச் சம்பளம். படிக்கும் கதவு திறந்தபோது எழுதும் கதவு ஒடுங்கிவிட்டது.

இரண்டாவது, ஏழை நாடுகளுக்கான சலுகைத் திட்டங்கள் இந்தியாவைச் சேர்ப்பதில்லை. ஐ.நா. அமைப்புகளும் பதிப்பகங்களும் சேர்ந்து நடத்தும் 'ரிசர்ச் ஃபார் லைஃப்' திட்டத்தில் பல நாடுகளுக்கு இதழ்கள் இலவசம் அல்லது குறைந்த விலை. மொத்தப் பொருளாதாரம் பெரியது என்ற கணக்கில் இந்தியாவுக்கு அந்த வாசல் திறக்கவில்லை. வறுமையை ஆராய வரும்போது ஏழை நாடு, சந்தா கேட்கும்போது பெரிய சந்தை என்ற இரட்டை அளவுகோல் இதில் இருக்கிறது.

மூன்றாவது, நிதி நிறுவனத்தின் கொள்கை அது நிதி தந்த ஆய்வுக்கு மட்டுமே பொருந்தும். உள்நாட்டு நிதியில் நடந்தவற்றையும் பழைய ஆய்வுகளையும் அது தொடாது. சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம் தன் ஆய்வுத் தாள்களைத் தன் இணையதளத்தில் இலவசமாக வைத்துள்ளது. அதே நிறுவனம் 1996இல் தொடங்கிய ஆய்விதழோ இப்போது வெளிநாட்டு வணிகப் பதிப்பகம் வழியாக வருகிறது.

ஒரே நாடு ஒரே சந்தா

2024 நவம்பர் 25 அன்று ஒன்றிய அமைச்சரவை 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2025 முதல் 2027 வரை மூன்று ஆண்டுகளுக்கு ரூ. 6,000 கோடி ஒதுக்கப்பட்டது. 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 இதழ்கள் 6,300க்கும் மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆய்வு நிறுவனங்களுக்குக் கிடைக்கும், 1.8 கோடி மாணவர், ஆசிரியர், ஆய்வாளர் பயன்பெறுவர் என்று அறிவிக்கப்பட்டது.

விழுப்புரம் போன்ற மாவட்டங்களின் அரசுக் கல்லூரி மாணவருக்கு இது பெரிய வாய்ப்பு. முன்பு ஐ.ஐ.டி.யில் மட்டும் கிடைத்த இதழ்கள் அரசு கலைக் கல்லூரிக்கும் கிடைப்பது சமத்துவத்தை நோக்கிய நகர்வு என்பதை மறுக்க இயலாது. ஆனால் இதைத் திறந்த அணுக்கம் என்று சொல்வது பிழை. இது மொத்தமாக வாங்கிய நுழைவுச்சீட்டு. ஒப்பந்தம் முடிந்தால் சீட்டு செல்லாது. தனியார் கல்லூரி மாணவர், மாவட்ட மைய நூலகத்துக்கு வரும் வாசகர், பள்ளி ஆசிரியர், ஊராட்சித் தலைவர், படிப்பு முடித்து வெளியேறிய பட்டதாரி ஆகியோர் இதன் எல்லைக்கு வெளியே நிற்கிறார்கள். கல்லூரியில் கடைசித் தேர்வு எழுதிய அன்றோடு வாசிக்கும் உரிமை முடிந்துபோகும் ஏற்பாட்டைத் திறந்தது எனச் சொல்ல முடியாது.

ஒப்பிட்டுப் பார்க்க 'சோத்கங்கா' பயன்படும். பல்கலைக்கழக மானியக் குழு 2009இல் முனைவர் பட்ட ஆய்வேடுகளை மின்வடிவில் அளிக்க வேண்டுமென விதித்தது. இன்று ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் அதில் யாருக்கும் திறந்திருக்கின்றன. தமிழ்நாட்டுச் சுயஉதவிக் குழுக்கள், ஏரிப் பாசனம், கரும்பு வேளாண்மை பற்றிய ஆய்வேடுகளைக் கடவுச்சொல் இன்றிப் படிக்கலாம். ஆய்வேடுகளின் தரம் ஏறவும் இறங்கவும் இருக்கும். ஆயினும் தரம் குறைந்ததைத் தரம் குறைந்தது என்று கண்டறியவும், ஒருவர் எழுதியதை மற்றவர் படியெடுத்திருந்தால் பிடிக்கவும் வெளிச்சத்தில் வைத்ததே வழிசெய்தது.

தேடினால் கிடைக்குமா?

இலவசமாக இருப்பதும் கண்டுபிடிக்கக் கூடியதாக இருப்பதும் ஒன்றல்ல. ஸ்லேட்டர் நூலில் இருவேல்பட்டின் பெயர் 'எருவெள்ளிப்பேட்' என்பது போல் ஆங்கிலத்தில் எழுதப்பட்டிருக்கிறது. பிற்கால ஆய்வுகளில் எழுத்துக்கூட்டல் வேறு. இக்காலப் பெயரை இட்டுத் தேடுபவருக்கு 1918ஆம் ஆண்டு நூல் அகப்படாமல் போகலாம். தமிழில் 'இருவேல்பட்டு' என்று தேடினால் இவ்வாய்வுகள் எவையும் எளிதில் முன்வருவதில்லை. தலைப்பு, சுருக்கம், குறிச்சொல் எதுவும் தமிழில் இல்லாததே காரணம்.

மாவட்டப் பெயரும் இடறும். விழுப்புரம் மாவட்டம் 1993 செப்டம்பர் 30 அன்று உருவானது. அதற்கு முந்தைய ஆய்வுகள் தென்னார்க்காடு என்ற பெயரில் இருக்கும். 2019இல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானது. எனவே 1993க்கும் 2019க்கும் இடையே விழுப்புரம் என்று எழுதப்பட்ட ஆய்வு, இன்றைய கள்ளக்குறிச்சியைப் பற்றியதாகவும் இருக்கலாம். இதை நூலகர் ஒருவர் களஞ்சியத்தில் ஒரு வரியில் குறித்து வைத்தால் மாணவர் பலரின் நாள்கள் மிச்சமாகும்.

உரிமமும் மொழிபெயர்ப்பும்

திறந்த அணுக்கத்தில் வரும் எல்லா ஆய்வும் ஒரே உரிமத்தில் வருவதில்லை. ஆசிரியர் பெயரைக் குறிப்பிட்டால் போதும் என்னும் உரிமம் ஒன்று. வழிப்படைப்பு கூடாது என்னும் உரிமம் மற்றொன்று. இரண்டாவது உரிமத்தில் வந்த கட்டுரையை இலவசமாகப் படிக்கலாம், நகல் எடுத்துத் தரலாம். ஆனால் மொழிபெயர்த்து வெளியிட முடியாது. மொழிபெயர்ப்பும் வழிப்படைப்பாகவே கருதப்படும். ஆங்கிலத்தில் படிப்பவருக்கு இந்த வேறுபாடு பெரிதாகத் தெரியாது. தமிழ் வாசகருக்கோ இதுதான் முதன்மையானது. தமிழாக்கத்தைத் தடுக்கும் உரிமம் தமிழருக்குப் பாதிதான் திறந்தது.

உலக வங்கியின் நடைமுறை இதில் மேலானது. அதன் நூல்களை யாரும் மொழிபெயர்க்கலாம். இது வங்கியின் அதிகாரபூர்வ மொழிபெயர்ப்பு அன்று, பிழைகளுக்கு வங்கி பொறுப்பாகாது என்ற குறிப்பைச் சேர்த்தால் போதும். இத்தனை வசதி இருந்தும் தமிழாக்கங்கள் அரிதாகவே வந்துள்ளன. உரிமம் கொடுத்தவரோடு அதைப் பயன்படுத்தாமல் விட்ட தமிழ்க் கல்வி நிறுவனங்களுக்கும் இதில் பங்கு உண்டு.

தமிழுக்குத் திறந்த பகிர்வு புதிதும் அன்று. மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கித் தமிழ் இலக்கியங்களைத் தன்னார்வலர் உழைப்பால் இணையத்தில் இலவசமாக ஏற்றியது. புடாபெஸ்ட் அறிக்கை வருவதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இது நடந்தது. ஈழத்தமிழர் 2005இல் தொடங்கிய நூலகத் திட்டம், நூல்கள், இதழ்கள், சிறு வெளியீடுகள் அனைத்தையும் ஆவணப்படுத்தித் திறந்து வைத்திருக்கிறது. இலக்கியத்துக்குச் செய்ததை ஊராய்வுக்கும் செய்ய முடியும் என்பதற்கு இவை சான்று.

விதையும் ஒலிபெருக்கியும்

ஆய்வு மக்களிடம் சேர்வதற்கு இப்பகுதியிலேயே இரண்டு நல்ல முன்மாதிரிகள் உள்ளன.

ஒன்று திண்டிவனம் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம். இங்கு உருவான நிலக்கடலை, எள் இரகங்கள் ஊரின் பெயரைச் சுருக்கி 'டி.எம்.வி.' என்ற அடையோடு வழங்குகின்றன. 1940இல் வெளியான டி.எம்.வி. 2 நிலக்கடலை ஆந்திரம், கர்நாடகம் வரை பரவியது. மல்லாட்டை தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். ஒருமுறை விதை கிடைத்த உழவர் மறு ஆண்டுக்கு எடுத்து வைத்துக்கொள்ளலாம், அடுத்த வீட்டாருக்கும் தரலாம். 2001ஆம் ஆண்டின் பயிர் இரகங்கள் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம் இந்தப் பழக்கத்தை உரிமையாகவே காத்தது. பொதுப்பணத்தில் நடந்த ஆய்வின் பயன் விதை வடிவில் கைமாறிக் கைமாறிப் போனது. அதே பொதுப்பணத்தில் எழுதப்படும் கட்டுரைக்கு மட்டும் பூட்டு எதற்கு என்ற கேள்விக்கு இன்னும் தக்க பதில் இல்லை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வேளாண் இணையதளம் சாகுபடிக் குறிப்புகளைத் தமிழிலும் இலவசமாகத் தருவது இவ்வழியில் சரியான தொடர்ச்சி.

மற்றொன்று புதுச்சேரிப் பகுதியில் எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் கனடா மையத்தின் நிதியுதவியோடு தொடங்கிய ஊர்த் தகவல் மையங்கள். வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளம் இலவசமாகத் தந்த அலை உயர முன்னறிவிப்பை எடுத்து, தமிழில் மாற்றி, ஒலிபெருக்கியில் அறிவித்தார்கள். 2004 டிசம்பர் ஆழிப்பேரலையின்போது நல்லவாடு ஊருக்குத் தொலைபேசியில் வந்த எச்சரிக்கை, மையத்தின் ஒலிபெருக்கி வழியாக ஊரெங்கும் ஒலித்து மக்களைக் காத்தது. இம்மையங்களின் பணியில் பங்காற்றிய சென்னைத் தகவல் அறிவியலாளர் சுப்பையா அருணாசலம், இந்தியாவில் திறந்த அணுக்கத்துக்காக நெடுங்காலம் குரல் கொடுத்தவர். இது தற்செயல் அன்று. தகவல் இலவசமாகக் கிடைப்பது முதல் படி, அதை ஊர் மொழியில் ஊர்க் காதுக்குக் கொண்டுசேர்ப்பது இரண்டாம் படி என்பதை வீராம்பட்டினம் காட்டியது. வளர்ச்சி ஆய்வுகளில் முதல் படி ஓரளவு கட்டப்பட்டுவிட்டது. இரண்டாம் படியைக் கட்டியவர் சிலரே.

திறப்பதில் உள்ள ஆபத்து

எல்லாவற்றையும் திறந்துவிட வேண்டும் என்ற வாதத்துக்கும் எல்லை உண்டு. ஊராய்வுத் தரவில் யார் எந்தச் சாதி, யாருக்கு எவ்வளவு நிலம், யாரிடம் எவ்வளவு கடன், எந்த வீட்டுப் பெண் எதை அடகு வைத்தார் என்பவை இருக்கும். பெயரை நீக்கினாலும் சிற்றூரில் அடையாளம் மறையாது. 'நான்கு பிள்ளைகள், ஓட்டு வீடு, சூளையில் ஒரு மகன், ஒரு ஏக்கர் கிணற்றுப் பாசனம்' என்றால் ஊரில் உள்ளவருக்கு அது யார் என்று தெரிந்துவிடும். வெளிநாட்டு வாசகருக்கு எண்ணாகத் தெரிவது உள்ளூர்க் கந்துவட்டிக்காரருக்கு ஆளாகத் தெரியும்.

ஊர்ப் பெயரை வெளிப்படையாகச் சொல்லும் இருவேல்பட்டு ஆய்வுகளில் இந்தச் சிக்கல் கூடுதல். நூறாண்டுத் தொடர்ச்சிதான் அவ்வாய்வுகளின் சிறப்பு. பெயரை மறைத்தால் அந்தச் சிறப்பு போய்விடும். ஆகவே கட்டுரைகளும் தொகுப்புக் கணக்குகளும் முழுமையாகத் திறந்திருக்க வேண்டும், குடும்பவாரித் தரவு மட்டும் நெறிமுறைக்கு உட்பட்டு ஆய்வாளருக்குத் தரப்பட வேண்டும் என்ற பிரிவு நியாயமானது. இந்தக் காரணத்தைக் காட்டிக் கட்டுரைகளையே பூட்டி வைப்பது பொருந்தாது. தங்களைப் பற்றி எழுதப்பட்டதை மறுக்கவும் திருத்தவும் ஊராருக்கு உரிமை உண்டு. படிக்காமல் எதை மறுப்பது?

தமிழ்நாட்டில் புதுவாழ்வுத் திட்டப் பெண்களோடு உலக வங்கியின் ஆய்வுக் குழு செய்து பார்த்த முயற்சி இங்கே குறிப்பிடத்தக்கது. என்ன கேள்வி கேட்க வேண்டும் என்பதைப் பெண்களே முடிவு செய்தார்கள். விவரங்களைத் திரட்டியதும் உள்ளூர்ப் பெண்களே. முடிவுகள் எழுத்தறிவு குறைந்தவருக்கும் புரியும் படங்களாக ஊருக்கே திருப்பிக் காட்டப்பட்டன. ஆய்வைத் திறப்பது என்பதற்கு இது புடாபெஸ்ட் அறிக்கையை விடவும் விரிந்த பொருள் தருகிறது.

மாணவர் கவனத்துக்கு

ஒரு கட்டுரைக்குக் கட்டணம் கேட்கப்பட்டால் அதோடு தேடலை நிறுத்த வேண்டியதில்லை. அதே கட்டுரையின் ஆசிரியர் படி, அவர் பணிபுரியும் நிறுவனத்தின் களஞ்சியத்திலோ 'ஹால்' போன்ற தேசியக் களஞ்சியத்திலோ இருக்கலாம். அதன் முன்வடிவம் ஆய்வுத் தாளாக வெளிவந்திருக்கலாம். கனடா மையத்தின் மின்னூலகம், உலக வங்கிக் களஞ்சியம், சோத்கங்கா, இணைய ஆவணகம் ஆகியவற்றில் தனித்தனியே தேடிப் பார்க்க வேண்டும். தேடும்போது ஊர்ப் பெயரின் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலையும் தென்னார்க்காடு என்ற பழைய மாவட்டப் பெயரையும் சேர்க்க வேண்டும். ஆசிரியருக்கு மின்னஞ்சல் எழுதிக் கேட்பதும் முறையான வழியே.

உரிமம் குறித்து ஒரு தெளிவும் தேவை. கட்டுரையை அப்படியே மொழிபெயர்த்து வெளியிடத்தான் அனுமதி வேண்டும். படித்ததைத் தன் சொற்களில் தமிழில் சுருக்கி, ஆசிரியர் பெயரையும் இடத்தையும் குறிப்பிட்டு எழுத எவர் அனுமதியும் வேண்டியதில்லை. செய்திகளுக்கும் கணக்குகளுக்கும் பதிப்புரிமை கிடையாது. அவற்றைச் சொல்லும் சொற்களுக்கே உண்டு.

மதிப்பீடு

விலை என்ற அளவுகோலில் வளர்ச்சி ஆய்வுகளின் நிலை இருபது ஆண்டுக்கு முன்பு இருந்ததைவிடப் பெரிதும் மேம்பட்டுள்ளது. உரிமம் என்ற அளவுகோலில் நிலை கலவையானது. தேடல், மொழி ஆகிய இரண்டிலும் தமிழ் வாசகருக்குக் கிடைத்தது மிகக் குறைவு. நிதி நிறுவனங்கள் தாங்கள் நிதி தரும் ஒவ்வோர் ஆய்வுக்கும் ஆய்வு நடந்த ஊரின் மொழியில் ஒரு பக்கச் சுருக்கத்தையும், அம்மொழியில் ஊர்ப் பெயரையும் கட்டாயமாக்கினால் இக்குறையில் பாதி தீரும். ஆய்வுச் செலவோடு ஒப்பிட்டால் இதற்கான செலவு மிகச் சிறிது.

இருவேல்பட்டைப் பொறுத்தவரை 1916 முதல் 2008 வரையிலான ஆய்வுகளைத் தமிழில் சுருக்கினால் முப்பது நாற்பது பக்கம் வரும். விழுப்புரத்திலோ திண்டிவனத்திலோ உள்ள அரசுக் கல்லூரி ஒன்றின் பொருளியல் மாணவர்கள் ஒரு பருவத்தில் முடிக்கக்கூடிய வேலை அது. அதன் ஒரு படி இணையத்திலும், ஒரு படி ஊராட்சி நூலகத்திலும் இருக்க வேண்டும். நூறாண்டாகக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் விடை சொன்ன ஊருக்கு, அந்த விடைகளிலிருந்து என்ன எழுதப்பட்டது என்பது அப்போதுதான் முதன்முறையாகத் தெரியவரும்.